தடம் இருக்கிறது, படம் இல்லை: டிரெயில் கேமராவைத் திருப்புவதா, மாற்றுவதா?

காலையில் போய்ப் பார்த்தால் ஈரமண்ணில் குளம்புத் தடம் பளிச்சென்று தெரியும். விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கட்டும் என்று மரத்தில் கட்டிவைத்த டிரெயில் கேமராவின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால் புல் ஆடுகிற படம் நாற்பது இருக்கும், மான் ஒன்றுகூட இருக்காது. இதை யாரிடமாவது சொன்னால் ஆளுக்கொரு யோசனை வரும்: உணர்திறனைக் கூட்டு, வேகமான கேமரா வாங்கு, வீடியோவுக்கு மாற்று, வேறு மரத்தில் கட்டு. நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். கடைசியாகச் செய்ததைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் கார்டைக் கொஞ்சம் கவனியுங்கள். விலங்கு போயிருக்கிறது, ஆனால் படமே இல்லை என்றால் கேமராவுக்கு அது வந்ததே தெரியவில்லை. வால் நுனியோ வெறும் பாதையோ விழுந்திருந்தால் தெரிந்திருக்கிறது, ஆனால் தாமதமாக. வெறும் படம் பட்டப்பகலில், காற்றடிக்கும் நேரத்தில் என்றால் வெயிலில் சூடான இலைகளின் வேலையாக இருக்கும். நள்ளிரவில் என்றால் ஏதோ ஒன்று கடந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

உணர்திறனைக் கூட்டுவது

செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். இந்தக் கேமராக்களில் இருப்பது வெப்பத்தின் மாற்றத்தை உணரும் அகச்சிவப்பு சென்சார். அதன் முன்னால் இருக்கும் லென்ஸ், எதிரே உள்ள வெளியைப் பல கட்டங்களாகப் பிரிக்கிறது. பின்னணியைவிடச் சூடான ஒன்று ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டினால்தான் கேமரா விழிக்கும். வெயில் காலத்தில் தரையும் பாறையும் விலங்கின் மேல்தோல் அளவுக்கே, 30 முதல் 38 டிகிரி வரை, சூடாகிவிட்டால் சென்சாருக்கு வித்தியாசம் சரியாகத் தெரியாது. அப்போது உணர்திறனைக் கூட்டுவதில் நியாயம் உண்டு. குளிர் காலத்தில் அதே அளவில் விட்டால் ஒவ்வொரு கிளையாட்டத்துக்கும் படம் எடுத்து பேட்டரியைத் தின்றுவிடும். போதாததற்கு, இலையைப் படமெடுத்துச் சேமித்துக்கொண்டிருக்கிற அந்தச் சில நொடிகளில் நரி போய்விடும். தாமதக் கோளாறுக்கு இது மருந்தே ஆகாது.

இடத்தையும் கோணத்தையும் மாற்றுவது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதைக்குச் செங்குத்தாகக் கட்டினால் விலங்கு கட்டங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், சென்சார் உடனே உணரும். ஆனால் அது படச்சட்டத்துக்குள் இருக்கிற நேரம் மிகக் குறைவு, வால்தான் மிஞ்சும். பாதையை நேராகப் பார்க்கும்படி கட்டினால் சட்டத்துக்குள் நிறைய நேரம் இருக்கும். ஆனால் கேமராவை நோக்கி வருகிற விலங்கு ஒரே கட்டத்துக்குள்ளேயே நடந்து வருவதால், பக்கத்தில் வரும்வரை சென்சார் தூங்கும். அப்புறம் முழுப் படத்திலும் மூக்கு மட்டும்! பாதைக்கு 45 டிகிரி சாய்வாக வைத்தால் இரண்டிலும் பாதிப் பாதி கிடைக்கும். அந்தப் பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

உயரமும் முக்கியம். ஆள் நெஞ்சு உயரத்தில் கட்டிவிட்டு முயலை எதிர்பார்த்தால், சென்சாரின் பார்வை அதன் தலைக்கு மேலேயே போய்விடும். தேடுகிற விலங்கின் உடல் உயரத்துக்கு இறக்குங்கள். கிழக்கு, மேற்கு வேண்டாம், காலையும் மாலையும் சூரியன் நேராக லென்ஸில் விழும்.

வேகமான கேமரா வாங்குவது

உணர்ந்த நொடிக்கும் படம் விழும் நொடிக்கும் உள்ள இடைவெளி நல்ல கேமராக்களில் அரை நொடிக்கும் குறைவு, மட்டமானவற்றில் ஒரு நொடிக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்வைக் கோணம் 50 டிகிரி, பாதை 4 மீட்டர் தூரம் என்றால் சட்டத்தின் நடுவிலிருந்து ஓரம்வரை சுமார் 1.9 மீட்டர். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் துள்ளிப் போகும் விலங்கு அதை 0.6 நொடியில் தாண்டிவிடும். இங்கே ஒரு நொடிக் கேமரா தோற்கும், அரை நொடிக் கேமரா ஜெயிக்கும். சரி, அதே பழைய கேமராவைப் பாதையிலிருந்து 8 மீட்டர் தூரத்தில் கட்டினால்? நேரம் 1.2 நொடியாகிறது. பழசே சமாளித்துவிடும். தூரம் கூடக்கூட வெப்பமும், இரவில் கேமரா பாய்ச்சும் ஒளியும் பலவீனமாகும் என்பது உண்மைதான், சின்ன விலங்குகளுக்கு இந்த வித்தை பலிக்காது. அவை வேகமாக ஓடுகிற இடமென்றால் மட்டும் பணத்தை எடுங்கள்.

வீடியோ, டைம்லாப்ஸ்

வீடியோ ஆசை எனக்கும் இருந்தது. பல கேமராக்களில் வீடியோ தொடங்க, படத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. தாமதம்தான் பிரச்சினை என்றால் அது இன்னும் மோசமாகும். ஒரு தூண்டலுக்கு, அதாவது சென்சார் ஒருமுறை விழிப்பதற்கு, மூன்று படம் என்று வைத்து, அடுத்த தூண்டலுக்கான இடைவெளியை மிகக் குறைவாக்குவது மேல். இடைவெளி 5 நிமிடம் என்று கிடந்தால் தாய் விழும், பின்னால் வரும் குட்டி விழாது.

குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் டைம்லாப்ஸ், சென்சாரை நம்புவதில்லை. சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருக்கும் ஆமை, பல்லி போன்றவற்றுக்கு இதுதான் ஏற்றது. ஒரே வழியில் விருட்டென்று போகிற நரிக்கு வீண்.

பேட்டரியைப் பற்றி இரண்டே வரி: அல்கலைன் தீரத்தீர மின்னழுத்தம் இறங்கி, இரவில் ஒளி மங்கும். லித்தியம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், குளிரையும் தாங்கும்.

எதை மாற்றினாலும் கேமராவை அதிலுள்ள சோதனை முறையில் (டெஸ்ட் மோட்) போட்டு எதிரே நடந்து பாருங்கள், உணரும்போது விளக்கு மின்னும். நிமிர்ந்து நடந்தால் எந்தக் கேமராவும் மின்னத்தான் செய்யும். முயலுக்காக வைத்தது என்றால் தவழ்ந்துதான் போக வேண்டும். யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.