இலவசமா, தள்ளுபடியா? வீட்டுக் கணினிக்கான மென்பொருள்களில் எதை நம்பலாம்

வீட்டுக் கணினிக்கு ஒரு சின்ன மென்பொருள் தேடினால் நான்கு வகையில் கிடைக்கும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று மூல நிரலோடு வரும் கட்டற்ற மென்பொருள் ஒன்று. கட்டணப் பதிப்பை விற்பதற்காகச் சில வசதிகளை மட்டும் திறந்துவிடும் இலவசப் பதிப்பு இன்னொன்று. "இன்று ஒரு நாள் மட்டும் இலவசம்" என்று வருவது மூன்றாவது. பழைய விலையைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புது விலை எழுதியிருப்பது நான்காவது. நிறுவிய முதல் நாளில் நான்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். அதனால் நான் ஒவ்வொன்றிடமும் கேட்பது இதுதான்: ஹார்டு டிஸ்க் போய், எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டிய நாளில் இது எனக்குக் கிடைக்குமா?

கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் பதில் சுலபம். 7-ஜிப் 1999 முதல் இருக்கிறது, இகோர் பாவ்லோவ் எழுதியது, முழுக்க இலவசம். விண்ரார் அதைவிட மூத்தது. 40 நாள் சோதனைக் காலம் முடிந்த பிறகும் "வாங்குங்கள்" என்று கேட்டபடியே ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிறது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. உரிம விதிப்படி அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும். விண்ராரின் சொந்த வடிவமான ரார் கோப்பை உருவாக்கத்தான் விண்ரார் தேவை, பிரிப்பதற்கு 7-ஜிப்பே போதும். விண்டோஸ் 11-க்கு 2023-இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸே ரார் கோப்புகளைப் பிரித்துக் கொடுக்கிறது. கெட்டுப்போன சுருக்கக் கோப்பைச் சரிசெய்ய உதவும் மீட்புப் பதிவு வசதி விண்ராரில் உண்டு. பழைய ஆவணங்களை வருடக்கணக்கில் சேர்த்து வைப்பவர்கள் அதற்காகப் பணம் கொடுத்தால் தப்பில்லை. மற்றவர்களுக்கு 7-ஜிப். ஆனால் இரண்டுமே தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்வதில்லை. 2023-இல் விண்ராரில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை விஷமிகள் சில மாதங்களாகவே பயன்படுத்திவந்தது தெரிந்து, 6.23 பதிப்பில் அதை அடைத்தார்கள். பழைய பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு அந்த அடைப்பு தானாக வந்து சேரவில்லை.

கணினியைச் "சுத்தம்" செய்யும் மென்பொருள்களில்தான் தள்ளுபடி விளம்பரம் அதிகம் கண்ணில் படும். இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். தற்காலிகக் கோப்புகளை அழிக்க விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. உலாவிகளின் மிச்சங்களையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்றால் பிளீச்பிட் போதும், அது கட்டற்ற மென்பொருள். சிகிளீனரின் இலவசப் பதிப்பு பார்க்க அழகு, பழகவும் எளிது. ஆனால் 2017-இல் அதன் 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலை நுழைத்து, அது தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. இருந்தாலும், கட்டாயம் தேவைப்படாத ஒரு மென்பொருளுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்? விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தால் வேகம் கூடும் என்று சொல்லும் எதையும் தொடாதீர்கள். அந்த மாதிரிக் கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

வைரஸ் தடுப்பில் விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டு வேலைக்கு அது போதும் என்பது என் கருத்து. வேறு நிறுவனங்களின் இலவசப் பதிப்புகளும் நன்றாகத் தடுக்கும், ஆனால் கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்லும் அறிவிப்புகள் அடிக்கடி எழும். சில சமயம் விலை வேறு வழியிலும் போகும். அவாஸ்ட் தன் பயனர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளிவந்து, 2020-இல் ஜம்ப்ஷாட்டை மூடியது. 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. பாதுகாப்புக்காக நிறுவிய மென்பொருளே நாம் எங்கெல்லாம் போனோம் என்று எழுதி விற்றிருக்கிறது. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

பல கணினிகள், கைபேசிகள், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்கள் கட்டணத் தொகுப்பை வாங்கலாம். பெரிய தள்ளுபடி பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு முழு விலையில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒப்பிடும்போது இரண்டாம் ஆண்டு விலையைப் பாருங்கள். வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவிடுங்கள்.

சரி, ஒரு நாள் இலவசத்துக்கு வருவோம். கிவ்அவே ஆஃப் த டே போன்ற தளங்கள் நாளுக்கொரு கட்டண மென்பொருளை இலவசமாகக் கொடுக்கின்றன. பொருள் நிஜமானதுதான். ஆனால் நிபந்தனைகள் உண்டு: அந்த நாளுக்குள் நிறுவிவிட வேண்டும், அடுத்த பதிப்புக்கு உரிமை இல்லை, உதவி கேட்க முடியாது, வீட்டு உபயோகத்துக்கு மட்டும். நூறு படங்களின் அளவைக் குறைப்பது, ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருப்பதைத் தேடுவது மாதிரி ஒரு முறை செய்து முடிக்கும் வேலைக்கு இது அருமை. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப்புக்கு, அதாவது காப்பு நகல் எடுக்க மட்டும் வேண்டாம். நான் பட்டிருக்கிறேன். ஒரு நாள் இலவசத்தில் கிடைத்த பேக்கப் மென்பொருளை நிறுவி, இரண்டு ஆண்டு வாரம் தவறாமல் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவந்தேன். உள் டிஸ்க் ஒரு காலையில் எழவில்லை. புது டிஸ்க் போட்டு விண்டோஸ் நிறுவி, அந்த மென்பொருளையும் நிறுவினால் உரிமச் சாவியை ஏற்கவில்லை. சலுகை முடிந்துவிட்டது என்றது. நகல் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருந்ததால் வேறு எதிலும் திறக்கவில்லை. சோதனைப் பதிப்பு உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலைக் காட்டியது, வெளியே எடுக்க விடவில்லை. முழு விலை கொடுத்து வாங்கித்தான் என் படங்களை மீட்டேன். விதிகளைப் படித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே இந்த வகையில் நகலெடுக்கும் வேகத்தைவிட மீட்கும் வழியைத்தான் ஒப்பிட வேண்டும். குளோன்ஸில்லா கட்டற்றது, பென் டிரைவிலிருந்து தொடங்கி முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும். உரிமச் சாவி என்ற பேச்சே கிடையாது. ஆனால் எழுத்துத் திரைகளில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூலம் எது, இலக்கு எது என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் இருந்ததும் போகும். மீட்கும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் அடம்பிடிக்கும். நகலுக்குள்ளிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுப்பதும் சுலபமில்லை. வீம் ஏஜெண்டின் இலவசப் பதிப்பு இந்தக் குறைகளைத் தீர்க்கிறது: விண்டோஸுக்குள்ளிருந்தே குறித்த நேரத்தில் ஓடும், தனிக் கோப்புகளை எடுக்கலாம், மீட்பு பென் டிரைவும் உருவாக்கித் தரும். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் கொடை, நிறுத்தவும் அவர்களால் முடியும். பல ஆண்டுகள் எல்லோரும் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு முடிந்துபோனது.

இரண்டையும் வைத்திருப்பதே என் வழக்கம். வாரா வாரம் வீம், பெரிய மாற்றம் எதையும் செய்யும் முன் குளோன்ஸில்லா. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எந்த மென்பொருளும் தேவைப்படாத சாதாரண நகலாக இன்னொரு டிஸ்க்கில் போட்டுவைக்கிறேன். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மீட்பு பென் டிரைவை இன்றே உருவாக்கி, அதிலிருந்து கணினியை ஒரு முறை தொடங்கி, உங்கள் நகல் அதற்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு கோப்பையாவது வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள்.