இரண்டு வீடுகளுக்கு ஜன்னல் மாற்றிய அனுபவம்: யூபிவிசியும் காரைக்குடிப் பழங்கதவும்

எங்கள் திருவான்மியூர் வீடு 1986ல் கட்டியது. அந்தக் காலத்தில் பலரும் போட்ட இரும்புச் சட்ட ஜன்னல்கள்தான் எங்களுக்கும். கடல் காற்றில் சட்டத்தின் அடிப்பக்கம் பொரிந்து உதிர்ந்துவிட்டது. போன வருடம் எல்லாவற்றையும் யூபிவிசிக்கு, அதாவது கெட்டி பிளாஸ்டிக் சட்ட ஜன்னலுக்கு மாற்றினோம். அதே சமயம் காரைக்குடிப் பக்கம் மாமனாரின் பூர்வீக வீட்டிலும் கதவு வேலை வந்தது. "ரெண்டுக்கும் ஒரே ஆளிடம் கொடுத்துடலாமே" என்றார் கணவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் சென்னை. யூபிவிசி துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம். கடலோர வீட்டுக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆனால் வகை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்லைடிங்கில் ஒரு நேரத்தில் பாதி ஜன்னல்தான் திறக்கும். காற்று வரும் கிழக்குப் பக்கத்துக்கு முழுதாகத் திறக்கும் வகையைக் கேட்டு வாங்கினேன். கைப்பிடியைத் திருப்பியதும் சுற்றிலும் ரப்பர் அழுந்திக்கொள்வதால் ஐப்பசி மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பெரிய ஜன்னல் என்றால் சட்டத்துக்குள் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) இரும்பு வைக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் வளையும். பழைய ஜன்னலோடு கம்பியும் போய்விடும். புதுக் கம்பிக்கான செலவு எங்கள் கொட்டேஷனில் இல்லை. பொருத்த வந்தவர்கள் சமையலறையில் இடைவெளியை அடைக்கும் சிலிகான் பசையைச் சரியாகப் பூசாமல் போய்விட்டார்கள், பலமுறை போன் செய்த பிறகே வந்து சரிசெய்தார்கள். பொருளுக்கு நல்ல மார்க், சர்வீஸுக்குக் குறைவுதான்.

இனி ஊர் வீடு. 1930களில் கட்டியது, கனத்த சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்கு நிலைகள். ஜன்னல்களில் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று பலகைக் கதவுகள். கீழே சாத்திவிட்டு மேலே திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் பார்வை படாது, காற்று மட்டும் வரும். இந்த வசதியை எந்தப் புது ஜன்னலிலும் நான் பார்க்கவில்லை. அதனால் நிலைகளில் கை வைக்கவே விடவில்லை. நிலையைப் பெயர்த்தால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக விழும். அதில் சிமென்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சும் கெடும். கரையான் அரித்த பின்கட்டுக் கதவுகளையும் இரண்டு ஜன்னல் கதவுகளையும் மட்டும் மாற்றத் தீர்மானித்தோம்.

அதற்குப் போனது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. இடித்த வீடுகளின் நிலை, கதவு, தூண், உத்தரம் எல்லாம் அங்கே வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். அருமையான இடம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். எங்கள் ஆசாரி முதலில் கதவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பழைய கீல் இருந்த பள்ளம், ஆணித் துளை, தாழ்ப்பாள் உரசிய தடம் இதெல்லாம் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் கறுப்பாக இருந்தால் சாயமாக இருக்கலாம். ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் தேக்கின் எண்ணெய் வாசம் தெரியும். அடிக்கட்டையைத் தட்டினால் உளுத்தது சத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

கடைக்காரர் நிலையோடு சேர்த்து விற்கவே விரும்பினார். பேசிப் பேசிக் கதவை மட்டும் வாங்கினோம். விலை மலிவு என்று சொல்ல மாட்டேன், புதுத் தேக்கில் செய்வதற்குக் கிட்டத்தட்ட சமம்தான். இருந்தாலும் அந்த முற்றிய வைரக்கட்டை இன்று புதிதாகக் கிடைப்பது கஷ்டம். எங்கள் நிலையைவிட அரை அங்குலம் பெரிதான கதவாகப் பார்த்து எடுத்தோம். பெரிதாக இருந்தால் இழைத்துக்கொள்ளலாம், சிறிதானால் ஒட்டுப்போட வேண்டும், அது அசிங்கமாகத் தெரியும். போகிறவர்கள் நிலையின் உள்ளளவை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய நிலைகள் மூன்றிலும் ஒரே அளவாக இருப்பதில்லை.