'எஃப்.ஐ.பி. பாசிட்டிவ்' என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

பூனை வளர்க்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். எஃப்.ஐ.பி. என்பது பூனைகளின் உயிரைப் பறிக்கும் ஒரு வைரஸ் நோய். அது வந்துவிட்டதாகச் சொன்ன ஒரே ஒரு தாளை நம்பி எங்கள் பூனை செம்பனை ஊசி போட்டுக் கொல்லச் சம்மதிக்க இருந்தேன்.

செம்பனுக்கு இரண்டு வயது. வயிறு உப்பி, ஈறெல்லாம் மஞ்சளாகியிருந்தது. ஆனால் பசி மட்டும் குறையவே இல்லை. வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டான். கிளினிக்கில் இதை யாரும் கேட்கவில்லை. வயிற்றிலிருந்து மஞ்சள் நீரை எடுத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள். மறுநாள் கூப்பிட்டு, "எஃப்.ஐ.பி. டெஸ்ட் பாசிட்டிவ் வந்திருக்கு. இதுக்கு மருந்தே கிடையாது. கஷ்டப்பட விடாம தூங்க வச்சிடலாம்" என்றார் டாக்டர். சம்மதப் படிவம் மேசையில் தயாராக இருந்தது.

ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரவு ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தபோதுதான் கவனித்தேன். தலைப்பில் எஃப்.ஐ.பி. என்று இருந்தது, செய்திருந்ததோ கொரோனா வைரஸ் ஆன்டிபாடி சோதனை, அதாவது அந்த வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது.

இரண்டும் ஒன்றல்ல. பூனைக் கொரோனா வைரஸ் குடலில் வாழ்ந்து மலம் வழியாகப் பரவுவது. பல பூனைகள் சேர்ந்து வாழும் இடத்தில் பெரும்பாலானவற்றுக்கு வரும். லேசான பேதியோடு போய்விடும், பல நேரம் அதுகூட இருக்காது. சில பூனைகளின் உடலில் மட்டும் அது உருமாறி, மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களுக்குள் பெருகும்போதுதான் எஃப்.ஐ.பி. ஆகிறது. ஆன்டிபாடி இருந்தால் வைரஸ் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். பிறகு எங்கள் இன்னொரு பூனை சாம்பிக்கும் அதே சோதனை செய்தோம். அளவு செம்பனைவிடக் கூடுதல். அவள் அலமாரி மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த தண்ணிய எந்த லேபுக்கு அனுப்பினாங்க?" போன் செய்து கேட்டேன். கொட்டிவிட்டார்களாம். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்திருந்தால், இரத்தத்தைவிட அந்த நீரில்தான் துப்பு அதிகம்.

ஸ்கேன் பார்த்து மறுபடி எடுத்தார்கள். முதலில் ரிவால்டா சோதனை. காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் கலந்து, அதன்மேல் வயிற்று நீர் ஒரு சொட்டு. கரைந்து மறைந்தால் எஃப்.ஐ.பி. இருக்க வாய்ப்புக் குறைவு. செம்பனுடைய சொட்டு ஜெல்லி போலத் திரண்டு நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாக்டீரியா தொற்றிலும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயிலும்கூட இப்படி நிற்கும், இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றார் டாக்டர். அடுத்து ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு புரதங்களின் விகிதம். செம்பனுக்கு 0.6. 0.4க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும், 0.8க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எஃப்.ஐ.பி. இல்லை, எங்களுக்கு நடுவில் வந்து நின்றது. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையை அந்த நீரில் செய்தார்கள், வைரஸ் இல்லை. அதற்காகவும் நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். கடைசியில் கல்லீரலிலிருந்து துளி சதை எடுத்து, திசுவுக்குள் வைரஸ் இருந்தால் நிறம் காட்டும் இம்யூனோ சாயச் சோதனை செய்தார்கள். வைரஸ் இல்லை. பித்தக் குழாய்களைச் சுற்றி லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் அடைந்து கிடந்தன. நோய், லிம்போசைடிக் கோலாஞ்சைடிஸ் என்ற பித்தக் குழாய் அழற்சி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஆரம்பித்தோம், வயிறு மெல்ல வற்றியது.

உண்மையிலேயே எஃப்.ஐ.பி.யாக இருந்தாலும் 'மருந்தே கிடையாது' என்பது பழைய பேச்சு. ஜி.எஸ்.-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை எஃப்.ஐ.பி. வந்த 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இலேயே வெளியானது. 25 பூனைகள் பிழைத்தன.

உங்கள் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் தலைப்பை விட்டுவிட்டு, எந்த மாதிரியில் என்ன சோதனை செய்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள். மலத்தில் பி.சி.ஆர். பாசிட்டிவ் என்றாலும் பதற வேண்டாம், ஆரோக்கியமான பூனையின் மலத்திலும் அந்த வைரஸ் வரும். நீர் எடுத்தால் கொட்ட விடாதீர்கள்.

முதல் கிளினிக்குக்கு எல்லா ரிப்போர்ட்டையும் இணைத்துக் கடிதம் எழுதினேன். இதுவரை பதில் இல்லை.