பழுப்புக் குள்ளனா, தனித்துத் திரியும் கோளா?

ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏறும் மலைப்பாதையில், மார்கழி ராத்திரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால் கார்த்திகைக் கூட்டம் கொத்தாகத் தெரியும். டெய்டே 1 என்ற பழுப்புக் குள்ளனை 1995-இல் கண்டுபிடித்தது அந்தக் கொத்தில்தான்.

பழுப்புக் குள்ளன் நட்சத்திரம் மாதிரியே வாயு மேகம் சுருங்கிப் பிறப்பது. வியாழனைப்போல் சுமார் 13 முதல் 75 மடங்கு நிறை, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன் வகை) கொஞ்ச காலம் எரியும், ஆனால் ஹைட்ரஜனைத் தொடர்ந்து எரிக்கத் தெம்பு போதாது. 13-க்குக் கீழே போய், எந்த நட்சத்திரத்தையும் சுற்றாமல் தனித்துத் திரிந்தால் தனிக் கோள். அது மேகத்தில் நேராகப் பிறந்ததா, இல்லை ஏதோ ஒரு சூரியக் குடும்பத்திலிருந்து தூக்கி எறியப்பட்டதா? எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகமான ஓரையன் நெபுலாவில், இப்படித் தனிக் கோள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருப்பதுபோல் சுமார் 40 ஜோடிகளைக் காட்டியது. பல வெறும் பின்னணி நட்சத்திரங்கள்தான் என்ற மறுப்பும் வந்தது, ஆனால் நிஜமென்றால், எறியப்பட்டவை எப்படி ஜோடியாகவே வந்தன?

பழுப்புக் குள்ளன், தனிக் கோள் இரண்டையும் இளம் நட்சத்திரக் கொத்துகளில் தேடுவது சூட்டுக்காக. பிறந்த புதிதில் அகச்சிவப்பில் பளிச்சென்று இருக்கும், அப்புறம் ஆறிக்கொண்டே போகும். கொத்தின் வயது தெரிந்தால்தான் நிறையையும் கணிக்க முடியும்.

என்னைக் கேட்டால், 13 என்ற கோட்டைவிடப் பிறந்த விதத்தை வைத்துப் பிரிப்பதே சரி.