மரப்பட்டை இன்சுலேஷன் பலகை: கூரைக்குப் போடலாம், ஈரச் சுவருக்கு வேண்டாம்

மாடி அறைக் கூரையின் உள்பக்கத்துக்கு தெர்மாகோல் வேண்டாம் என்று முடிவு செய்து, மரப்பட்டைக் கழிவில் செய்த பலகைகளைப் போட்டோம். வெயில் நேராக அடிக்கிற கூரைக்கு இது அருமையான பொருள். தடிமனுக்கு இடம் இல்லாத சுவருக்கு வாங்காதீர்கள்.

தெர்மாகோல், ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) எல்லாம் வெப்பக் கடத்துதிறனில், அதாவது சூட்டை எவ்வளவு சுலபமாகக் கடத்தும் என்ற எண்ணில் (குறைந்தால் நல்லது), 0.04க்குப் பக்கத்தில் நிற்கும், பட்டைப் பலகை 0.06க்கு மேல் போகும், அடர்த்தி கூடக் கூட இன்னும் ஏறும். 10 செ.மீ. தெர்மாகோல் செய்கிற வேலைக்கு இதில் 15 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம், ஏனென்றால் பகலெல்லாம் காய்கிற கூரைக்கு அந்த ஒரு எண் போதாது. தெர்மாகோல் கன மீட்டருக்கு 15, 20 கிலோ இருக்கும், பட்டைப் பலகையோ 250 கிலோவுக்கு மேல். அந்தக் கனம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். மதியச் சூடு அறைக்குள் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது, அப்புறம் ஜன்னலைத் திறந்துவிட்டால் அறை ஆறிவிடும். கூரையில் மழை விழும் சத்தமும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

அடுத்தது பசை, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மரம் அறுக்கும் மில்லில் ஒரு கட்டையின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பட்டையாகவே கழியும், பெரும்பாலும் அது பாய்லரில் எரிந்துபோகும். அதைக் காயவைத்து, நொறுக்கி, சலித்து, பசை கலந்து சூட்டோடு அழுத்தினால் பலகை. அந்தப் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு என்றால் அறைக்குள் உடம்புக்குக் கெடுதலான ஃபார்மால்டிஹைடு வாயு கசியும், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்பதில் பாதி பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாகப் பட்டையிலேயே இருக்கிற டானினை (துவர்ப்புப் பொருள்) எடுத்துப் பசை செய்யலாம். கார்க் ஓக் மரத்தின் பட்டையில் செய்யும் கருப்புக் கார்க் பலகைக்கு வெளிப்பசையே வேண்டாம், நீராவியில் சூடாக்கும்போது துகள்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். நாங்கள் வாங்கிய பலகையின் உறையில் 'இயற்கை' என்று பெரிய எழுத்தில் இருந்ததே தவிர பசையைப் பற்றி ஒரு வரி இல்லை, திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் டானின் பசை என்று விவரத்தாள் அனுப்பினார்கள். வாங்குகிறவர் துரத்திக் கேட்டால்தான் தெரியும் என்ற நிலை சரியில்லை.

வேலை செய்யும்போது ஓரங்கள் உதிர்கின்றன, அறுத்தால் தூசி பறக்கிறது, முகமூடி இல்லாமல் தொடவேண்டாம். ஸ்க்ரூ போடும் முன் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விளிம்பு பிளந்துவிடும். தாங்கும் சட்டமும் தெர்மாகோலுக்குப் போடுவதுபோல மெலிதாக இருக்கக்கூடாது, கனத்தைக் கணக்குப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் தெர்மாகோல் போல உருகிச் சொட்டாது, மேலே கரியாகிக்கொண்டே மெதுவாக எரியும், ஆனாலும் எரியும் பொருள்தான், அதனால் உள்பக்கம் ஜிப்சம் பலகை போட்டு மூடியிருக்கிறோம்.

ஈரத்தில் மட்டும் நம்ப முடியாது. டானின் இருப்பதால் பூஞ்சை சுலபத்தில் பிடிக்காது என்பது உண்மை, ஆனால் தொடர்ந்து நனைந்தால் ஊறி உப்பும். கூரையில் ஒழுகல் இருந்தால் முதலில் அதை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு பலகைக்கு ஆர்டர் கொடுங்கள். குளியலறைச் சுவர், தரையை ஒட்டிய சுவர் இரண்டுக்கும் வேறு பொருள் பாருங்கள்.