அம்மாயியோடு சென்னைக்குப் போய்ப் பார்த்த குற்றாலக் குறவஞ்சி

மார்கழியில் கச்சேரி கேட்கச் சென்னைக்குப் போகிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. காங்கயத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறோம். தேங்காய்ப் பருப்பு விலை ஏறினதா இறங்கினதா என்பதுதான் வீட்டில் தினமும் பேச்சு. ஆனாலும் போன மார்கழியில் ஆறு பேர் கிளம்பிப் போய் நாட்டிய நாடகம் பார்த்துவிட்டு வந்தோம். நான், அம்மா, அம்மாயி, மாமா, அத்தை, அத்தை மகள். அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா; எண்பத்திரண்டு வயது, மூன்றாவது வரைக்கும் படித்தவர். இந்த வயதில் கூட்டிப் போனால் உட்காருவார்களா, புரியுமா என்று உங்கள் வீட்டிலும் யோசனை இருக்கலாம். கூட்டிப் போங்கள்.

குறத்தி வந்து குறி சொல்லுகிற பாட்டு நாடகமான குறவஞ்சி மேல் எனக்குப் பிரியம் வந்தது 1989-ல். பள்ளி ஆண்டு விழாவில் நான்தான் சிங்கி, அந்தக் குறத்தி. அம்மாயி முந்தின நாள் கொடுமுடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, தன்னுடைய சுங்குடிச் சேலையைக் கொசுவம் வைத்துக் கட்டிக் காட்டி, கழுத்துக்குப் பாசிமணியும் கொடுத்துவிட்டுப் போனார். விழாவுக்கு இருக்கவில்லை. மறுநாள் காட்டில் மஞ்சள் வேகவைக்க ஆள் சொல்லியிருந்தது, கொப்பரையை விட்டுவிட்டு வர முடியாது. அன்றைக்கு அவர் பார்க்காமல் போனது இத்தனை வருஷமாக எனக்குள்ளேயே கிடந்தது. தென்சென்னையில் ஒரு சபாவில் குற்றாலக் குறவஞ்சி போடுகிறார்கள் என்று அத்தை மகள் போனில் காட்டியதும் வேறு எதையும் யோசிக்காமல் ஆறு டிக்கெட் போட்டுவிட்டேன். ஆளுக்கு 300 ரூபாய், நடுவரிசை.

விடிகாலையில் கோவையில் புறப்படுகிற வந்தே பாரத்தைத் திருப்பூரில் பிடித்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சென்ட்ரல். திருப்பூரில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், கதவு தானாக மூடிக்கொள்ளும். அதனால் பெரியவர்களைப் பெட்டி நிற்கிற இடத்தில் முன்னாடியே கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். கட்டுச்சோறு நாங்களே கொண்டு போனோம்: புளிச்சோறு, தயிர்சோறு, கொஞ்சம் எள்ளுருண்டை.

வண்டியில் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். வசந்தவல்லி பந்து விளையாடும்போது குற்றாலத்துச் சிவனான திரிகூடநாதர் பவனி வருவார். அவரைப் பார்த்ததும் இவள் மனசு போய்விடும், நிலா சுடும், தோழியைத் தூது விடுவாள். அப்புறம் மலையிலிருந்து குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்லுவாள். குறத்தியைத் தேடிக்கொண்டு அவள் புருஷன் சிங்கன் வருவான். இதை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்துக்காரர் என்றும், மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பேர் வந்தது என்றும் சொன்னேன். மாமா அதுவரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர், இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். "பாட்டு எழுதினதுக்கு நெலமா? எத்தனை ஏக்கரு? தண்ணி வசதி இருந்துச்சா?" என்று சேலம் தாண்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

சென்ட்ரலிலிருந்து மெட்ரோ. கீழே இறங்கவும் மேலே ஏறவும் லிஃப்ட் இருப்பதால் அம்மாயிக்கு முழங்கால் தொந்தரவு இல்லை. நந்தனத்தில் இறங்கி, தி.நகருக்கு ஆட்டோ. தங்கிய இடத்தில்தான் எங்களுக்கு வருத்தம். லிஃப்ட் இருக்கிறதா என்று இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டேன், இருக்கிறது என்றார்கள். இருந்தது, ஆனால் முதல் மாடியிலிருந்து! அதுவரைக்கும் பதினாலு படி. அம்மாயி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வயசானவர்களோடு போகிறவர்கள் "லிஃப்ட் தரைத்தளத்திலிருந்தே இருக்கிறதா" என்று இப்படியே வார்த்தை மாறாமல் கேளுங்கள். பனகல் பார்க், ரங்கநாதன் தெரு, மயிலாப்பூர்க் கோயில் எல்லாம் போனோம். அதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான்.

சபா கேன்டீனில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று இலை போட்டுச் சாப்பிட்டோம். வாழைப்பூ வடையும் அக்காரவடிசிலும் மறுபடி கேட்டு வாங்கினோம். அம்மாயிக்கு சாம்பார் ஒத்துவரவில்லை, காரம் போதவில்லை என்றார். பெரியவர்களை உட்கார வைக்க ஒரு பெஞ்ச் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குற்றாலக் குறவஞ்சியை 1944-ல் ருக்மிணி தேவி தாம் தொடங்கிய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கினார். அதற்கப்புறம் பல குழுக்கள் அவரவர் வழியில் செய்து வருகிறார்கள். நாங்கள் பார்த்தது ஒரு சின்னக் குழு, மேடையில் மொத்தம் பதினொரு பேர்தான். பாட்டு ஒலிநாடா இல்லை, நேரடியாகப் பாடினார்கள். மேடையின் இடப்பக்கம் ஆண் ஒருவர், பெண் ஒருவர் பாட்டு. தாளம் தட்டி ஜதி சொல்லுகிற நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல். முதல் அரைமணி நேரம் மிருதங்க மைக்கைக் கூட்டி வைத்திருந்தார்கள். வசந்தவல்லி நிலாவைப் பார்த்துப் புலம்புகிற இடத்தில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. குறவஞ்சிக்கு உயிரே அந்த வார்த்தைகளில்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், குறத்தி வருவதற்குள் சரியாகிவிட்டது.

எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. வாசலில் கொடுத்த கதைச் சுருக்கத் தாள் முழுக்க ஆங்கிலம். நடுநடுவே வந்து விளக்கம் சொன்ன பெண்மணியும் ஆங்கிலத்தில்தான் சொன்னார். மேடையில் இருப்பதோ தமிழ். அம்மாயி அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டார். வண்டியிலேயே கதையைச் சொல்லி வைத்தது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்களும் அதைச் செய்துவிடுங்கள்.

பந்தடிக்கிற காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கையில் பந்து கிடையாது. வசந்தவல்லியாக ஆடிய பெண் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தட்டுகிறாள், கண் தரைக்குப் போய் மேலே வருகிறது, வளையல் சத்தம் தாளத்தோடு சேர்ந்து விழுகிறது. "பந்து எங்க அம்மிணி?" என்று அம்மாயி என் காதில் கேட்டார். "இல்லீங்க அம்மாயி, இருக்கற மாதிரி ஆடறாங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அம்மாயியின் தலை மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது. இல்லாத பந்தைக் கண்ணால் பிடித்துவிட்டார்.

குறத்தி வந்ததும் எங்கள் வரிசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆடியவள் நல்ல உயரம், குரல் கொடுக்காமலேயே வாயசைவில் அந்தத் துடுக்கைக் கொண்டுவந்தாள். மலைவளம் சொல்லும்போது குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சுகிற இடத்தில், பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்து அத்தை கூடவே முணுமுணுத்தார். ஒரு குறை உண்டு, அதைக் கண்டுபிடித்தது அம்மாயி. "அவ கூடையில ஒண்ணுமே இல்ல சாமி. ஒரே வீச்சுல இடுப்புக்கு எடுத்துட்டா. எங்க ஊருக்குக் குறி சொல்ல வர்றவ கூடைய எறக்கறப்ப ஒரு கை தரையில ஊனித்தான் உக்காருவா." அதற்கப்புறம் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அது காலிக்கூடையாகவே தெரிந்தது. இல்லாத பந்துக்குக் கனம் கொடுத்தவர்கள் இருக்கிற கூடைக்கும் கொடுத்திருக்கலாம்.

கடைசியில் சிங்கனும் சிங்கியும் எதிரும் புதிருமாகப் பேசிக்கொள்கிற பாட்டு. இங்கே பாடகர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முகம் பார்த்து, மேடையில் இருக்கிறவர்கள் மாதிரியே சண்டை போட்டுப் பாடினார்கள். காலில் விரியன் பாம்பு கடித்துக்கொண்டு கிடக்கிறதே என்று சிங்கன் கேட்பான். அது பாம்பில்லை, சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்பாள் சிங்கி. எனக்கு அந்த வரி முப்பத்தைந்து வருஷமாக மனப்பாடம். அம்மாயி இப்போதுதான் கேட்கிறார். "சேலமா? அட, நம்மூருப் பக்கமெல்லாம் வந்து போயிருக்கறா!" என்று வாய்விட்டே சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அதட்டவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம், இடைவேளை கிடையாது. அம்மாயி ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, "இவளும் நம்ம வள்ளியாட்டமே கொறத்திதான?" என்று கேட்டார். முருகன் கட்டிய வள்ளியின் கதையைப் பாடி ஆடுகிற வள்ளிக்கும்மி தெரியாத ஊர் எங்கள் பக்கம் இல்லை. அந்தக் கலைக்காகப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் ஊர்க் கும்மிக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். கும்மியில் ஊரே வட்டம் கட்டி ஆடும், பாடுகிறவரும் கூடவே ஆடுவார். இங்கே பாடுகிறவர் வேறு, ஆடுகிறவர் வேறு, நாம் இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். அம்மாயிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அவர் சொல்வது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

இடம் பிடிக்கிறவர்கள் இடப்பக்கம் முதல் நாலு வரிசைக்குள் பாருங்கள், பாடுகிறவர்களின் முகம் தெரியும். நடுவரிசையில் எங்களுக்கு அது பாதிதான் கிடைத்தது. அடுத்த மார்கழிக்கு மாமா இப்பவே இரண்டு ஒறம்பரையை, அதாவது சொந்தக்காரர்களை, சேர்த்து எட்டு டிக்கெட் என்கிறார். அம்மாயி அந்தப் பதினாலு படியைப் பற்றி மட்டும் ஞாபகப்படுத்தினார். தரையிலேயே ரூம் கிடைக்கிற இடமாக இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.