வீகன் தொகுப்பு: உருமாற்றம் அருமை, அட்டவணை உங்கள் பொறுப்பு

களத்தில் எண்ணிக்கொண்டு வந்த சிற்றினத் தரவை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அலசுகிறவர்கள் அதன் துணைத் தொகுப்பான வீகனைத் தொடாமல் இருப்பது அபூர்வம். யாரி ஒக்சானெனும் மற்றவர்களும் சேர்ந்து எழுதியது, இலவசம். நான் சில வருடங்களாக இதிலேயே புழங்குகிறேன். அலசலுக்கு முன்னால் தரவைத் தயார் செய்ய இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் தப்பு அதிகம் நடப்பது அங்கேதான்.

முதலில், எண்களை உருமாற்றித் தருகிற டெகோஸ்டாண்ட் கட்டளை. இதற்காகவே தொகுப்பை நிறுவலாம். மூன்று குட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குட்டையில் இரண்டு வகை நத்தைகள், ஒன்றில் 2, இன்னொன்றில் 3. இரண்டாவது குட்டையிலும் அதே இரண்டு வகைதான், ஆனால் 20, 30. மூன்றாவதில் அந்த இரண்டுமே கிடையாது, வேறொரு வகை 4 இருக்கிறது. எண்களை அப்படியே வைத்து யூக்ளிடிய தூரம் (வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) கண்டால் முதல் குட்டைக்கும் இரண்டாவதுக்கும் 32.45, முதலுக்கும் மூன்றாவதுக்கும் வெறும் 5.39. ஒரு வகைகூடப் பொதுவாக இல்லாத குட்டைகள் நெருங்கிய சொந்தம் மாதிரி வந்து நிற்கும்! டெகோஸ்டாண்டில் ஹெலிங்கர் முறை கொடுத்தால் ஒவ்வொரு எண்ணையும் அந்தக் குட்டையின் மொத்தத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கும். இப்போது முதல் இரண்டுக்கும் தூரம் 0, மூன்றாவதுக்கு 1.41. ஆனால் மொத்த எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்பதே உங்கள் கேள்வி என்றால் இந்த முறை வேண்டாம், அந்தத் தகவலைத்தான் இது கழித்துவிடுகிறது.

அதே கட்டளையின் லாக் முறையில் ஒரு விஷயம் கவனிக்கணும். 1 கூட்டி லாக் எடுக்கிற பழைய வழக்கம் இதில் இல்லை. பூஜ்யத்தைத் தொடாமல் விட்டு, மற்றவற்றுக்கு லாக் எடுத்து, அப்புறம்தான் 1 கூட்டுகிறது.

எனக்குப் பிடிக்காதது, ஒத்த இடங்களை அருகருகே வைத்து வரைபடம் தருகிற மெட்டாஎம்டிஎஸ் கட்டளையின் தானியங்கி உருமாற்றம். எண்கள் பெரிதாக இருந்தால் நாம் கேட்காமலே வர்க்கமூலம் எடுத்து, விஸ்கான்சின் முறையில் (ஒவ்வொரு சிற்றினத்தையும் அதன் உச்ச எண்ணால் வகுத்து, பிறகு ஒவ்வொரு இடத்தையும் அதன் மொத்தத்தால் வகுத்து) சீராக்கியும் விடும். திரையில் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். 400 வரை போகிற எண்களுக்கு நீங்களே வர்க்கமூலம் எடுத்துக் கொடுத்தாலும் 20 என்பது அதற்குப் பெரிய எண்ணாகத்தான் தெரியும், மறுபடி கை வைக்கும். அதை அணைத்துவிட்டு, என்ன செய்தோம் என்பதை நம் கையாலேயே எழுதிவைப்பது நல்லது.

அட்டவணைக்கு முந்தைய வேலையில் வீகன் உதவாது. இடங்கள் வரிசையிலும் சிற்றினங்கள் நெடுவரிசையிலும் இருக்க வேண்டும், ஆனால் களக் குறிப்பு "இடம், சிற்றினம், எண்ணிக்கை" என்று நீளமாகத்தான் வரும். டைடிஆர் என்ற இன்னொரு ஆர் தொகுப்பை வைத்து அகலமாக்கி, காலியிடங்களைப் பூஜ்யமாக நிரப்பிக்கொள்ளலாம். இங்கே ஒன்றை மறந்துவிடாதீர்கள்: எதுவுமே கிடைக்காத இடம் நீளமான குறிப்பில் இருக்கவே இருக்காது, அதனால் அகல அட்டவணையிலும் சத்தமில்லாமல் காணாமல் போகும். போய்ப் பார்த்து ஒன்றும் கிடைக்காத இடமும் போகவே முடியாத இடமும் ஒன்றல்ல, அந்தக் கணக்கு நோட்டில் தனியாக இருக்கணும்.

ஒருமுறை இட எண் இருந்த நெடுவரிசையை நீக்காமல் ஓட்டிவிட்டேன். அது எழுத்தாக இருந்திருந்தால் பிழை காட்டியிருக்கும், எண் என்பதால் அதையும் ஒரு சிற்றினமாக எடுத்துக்கொண்டது. வரைபடத்தில் இடங்கள் எண் வரிசைப்படி அழகாக அடுக்கி நின்றதைப் பார்த்து இரண்டு நாள் அதற்குச் சூழலியல் காரணம் தேடினேன்.

பழகிப் பார்க்க டியூன் என்ற தரவு கூடவே வருகிறது, 20 இடங்கள், 30 சிற்றினங்கள், ஏற்கெனவே சுத்தமானது. அதன் வரிசைகளை மட்டும் கலைத்துப் போட்டு, அதே இடங்களின் சூழல் அட்டவணையைத் தொடாமல், இரண்டையும் தொடர்புபடுத்தும் ஆர்டிஏ அலசலை ஓட்டிப் பாருங்கள். இரண்டு அட்டவணைகளின் இடப் பெயர்களை அது ஒப்பிடுவதில்லை, முடிவு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்துவிடும்.